பழைய இ-கிளாஸா, புதிய இ-கிளாஸா: பணம் கட்டும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

மெர்சிடிஸ் இ-கிளாஸ் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த வருஷ வண்டி?" என்றுதான். வருஷத்தைக் கடைசியில் பாருங்கள் என்பேன். சிங்கப்பூரில் ஒரு காரின் வருஷம் என்றால் அதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது: எப்போது தயாரானது, எப்போது இங்கே பதிவானது, எந்தத் தலைமுறை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது பதிவான தேதியை மட்டும்தான். செகண்ட் ஹேண்ட் கார்க் கடைகள் நிறைந்த ஊபியில் 2016-இல் பதிவான இ200 (இ-கிளாஸில் ஒரு மாடல்) இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம், ஒன்று பழைய டபிள்யூ212-இன் (ஒவ்வொரு தலைமுறைக்கும் மெர்சிடிஸ் வைக்கும் குறியீடு இது, சுருக்கமாக 212) கடைசி வண்டியாக இருக்கும், இன்னொன்று டபிள்யூ213-இன் முதல் வண்டியாக இருக்கும், காகிதத்தில் ஒரே வயது, ஓட்டிப் பார்த்தால் வேறு வேறு கார்.

அதனால் முதலில் தலைமுறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 212 வந்தது 2009-இல். முன்பக்கம் நான்கு விளக்குகள் தனித்தனியாக இருந்தால் அது 2013-க்கு முந்தைய முகம், இரண்டு விளக்கும் ஒரே கண்ணாடிக்குள் போய்விட்டால் 2013 ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே தலைமுறைக்கு மாற்றிய புது முகம். 213 2016 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அறிமுகமானது, 2020-இல் அதற்கும் முகம் மாறியது, 2023-இல் 214 வந்துவிட்டது. 214-ஐ இங்கே விட்டுவிடுகிறேன், அது புது வண்டி வாங்குபவர்களின் கணக்கு. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது 212-க்கும் 213-க்கும் நடுவில்தான்.

எஞ்சினுக்கு வருவோம், பணம் கரைகிற இடம் இதுதான். 2013-க்கு முந்தைய இ200-இல் இருப்பது 1,796 சிசி எம்271 எஞ்சின். ஃபேஸ்லிஃப்டில் 1,991 சிசி எம்274 வந்தது. இரண்டுமே 184 குதிரைத்திறன், அதனால் விளம்பரத்தில் ஒரே மாதிரி தெரியும். ஆனால் எம்271-இல் டைமிங் செயின் (வால்வுகள் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி) நீண்டுபோவதும், கேம்ஷாஃப்ட்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, ஓட்டும் பல்சக்கரம் தேய்வதும் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த வியாதி. செயின் பல் தாண்டிவிட்டால் எஞ்சினுக்குள் வால்வு அடிபடும், அந்தச் செலவு வண்டியின் விலையோடு போட்டி போடும். ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள், மாற்றியிருந்தால் பில் இருக்கும். பில் இல்லாத "மாத்தியாச்சு" என்ற பேச்சை மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்274 அந்த விஷயத்தில் பரவாயில்லை, ஆனாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேம் அட்ஜஸ்டர் (கேம்ஷாஃப்ட்டின் நேரத்தைச் சரிசெய்யும் பாகம்) சத்தம் போடுகிற வண்டிகள் உண்டு. இரண்டு எஞ்சினுக்கும் சோதனை ஒன்றுதான்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். சின் மிங்கில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது, "தம்பி, சாவியைக் கையில வாங்குறதுக்கு முன்னாடி பானெட்டைத் தொட்டுப் பாரு." கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் ஓரிரு விநாடி கடகடவென்று சங்கிலி குலுங்குகிற மாதிரி சத்தம் வந்து அப்புறம் அடங்கினால், அந்த வண்டியை விலை பேசவே வேண்டாம். அப்படியே எஞ்சின் முன்பக்கம் கேம்ஷாஃப்ட் மேக்னெட்டின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எம்271-இல் அங்கிருந்து எண்ணெய் கசிந்து ஒயர் வழியாகவே மேலே ஏறும், பிளக் உள்ளே எண்ணெய் மினுமினுத்தால் ஒயரிங் வேலையும் சேர்ந்து வரும்.

2020 ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகான இ200-இல் 197 குதிரைத்திறன் எஞ்சினோடு 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட், அதாவது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சிறு மின்மோட்டார், வருகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் உயிர்பெறுவது கிட்டத்தட்ட தெரியாது, அவ்வளவு மென்மை. ஆனால் அந்த 48 வோல்ட் பாகங்களைப் பார்க்கத் தெரிந்த பட்டறை உங்களுக்குக் கைவசம் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது காகிதம். விற்பவரிடம் லாக் கார்டை, அதாவது வண்டியின் பதிவு விவரச் சீட்டை, கேளுங்கள். தயாரான ஆண்டு, முதல் பதிவுத் தேதி, எஞ்சின் கொள்ளளவு, ஓஎம்வி (வரி சேரும் முன் வண்டியின் இறக்குமதி மதிப்பு), கட்டிய ஏஆர்எஃப் (ஓஎம்வியை வைத்துப் போடும் கூடுதல் பதிவுக் கட்டணம்), எத்தனை கை மாறியது, சிஓஇ (வண்டியை வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) எப்போது முடிகிறது, எல்லாம் அதில் இருக்கும். கொள்ளளவு 1,796 என்று இருந்தால், வெளியே என்ன பம்பர் மாட்டியிருந்தாலும் உள்ளே பழைய எஞ்சின்தான்.

புதியதையும் பழையதையும் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள், வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்கு. 2016-க்கும் 2022 தொடக்கத்துக்கும் நடுவில் பதிவான வண்டி, ஓஎம்வி 45,000 வெள்ளி. முதல் 20,000-க்கு நூறு விழுக்காடு, மீதி 25,000-க்கு 140 விழுக்காடு, ஆக ஏஆர்எஃப் 55,000. பத்தாவது வருஷ முடிவு வரை வைத்திருந்து டீரெஜிஸ்டர் பண்ணினால், அதாவது பதிவை ரத்து செய்தால், பழைய விதிப்படி அதில் பாதி, 27,500 வெள்ளி பார்ஃப் (ஏஆர்எஃபில் திருப்பித் தரும் பங்கு) திரும்பி வரும். இரண்டு வருஷம் மிச்சம் உள்ள அந்த வண்டியை 62,000-க்கு வாங்கினால் தேய்மானம் வருஷத்துக்கு 17,250. பக்கத்தில் சிஓஇ புதுப்பித்த 212 ஒன்று, ஆறு வருஷம் மிச்சம், விலை 90,000. புதுப்பித்த கணமே பார்ஃப் போய்விட்டது, அதனால் வருஷத்துக்கு 15,000. விலையைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய தொகை, வருஷக் கணக்கில் அது குறைவு. ஆனால் அந்த 2,250 வெள்ளி வித்தியாசத்தைச் சாலை வரியும் பட்டறையும் சேர்ந்து தின்றுவிடும். கீழே அதையும் பார்ப்போம்.

பார்ஃப் விதி வண்டி பதிவான காலத்தைப் பொறுத்தது. 2023 பிப்ரவரியில் 60,000 வெள்ளி உச்சவரம்பு வந்தது, ஏஆர்எஃப் படிநிலையும் ஏறியது. அதனால் டீலர் வாயால் சொல்லும் தொகையை எழுதிக்கொண்டு வராதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் விற்பவரையே உள்ளே போய், உங்கள் கண் முன்னால் அந்தத் தொகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சாலை வரி 1,991 சிசிக்கு வருஷத்துக்குச் சுமார் 1,202 வெள்ளி, 1,796 சிசிக்குச் சுமார் 973. இதைப் பார்த்துப் பழையது மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு 10 விழுக்காட்டில் தொடங்கிக் கூடுதல் வரி வருஷா வருஷம் ஏறும், பதினான்கு வருஷம் தாண்டினால் 50 விழுக்காடு, அப்போது அந்த 973 சுமார் 1,460 ஆகிவிடும். சோதனையும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பது வருஷத்துக்கு ஒருமுறை ஆகும். காப்புறுதியைப் பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள், பத்து வயது தாண்டிய வண்டிக்கு முழுக் காப்புறுதி தரத் தயங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் என்றால் இந்த ஓஎம்வி அளவுக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான், மீதி ரொக்கம் கையில் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துத் திரும்பாதீர்கள். தீவு விரைவுச்சாலையில் 90-இல் கொஞ்ச தூரம், அப்புறம் நெரிசலில் நின்று நின்று கொஞ்ச தூரம். 212-இல் பெரும்பாலும் ஏழு கியர், 213-இல் ஒன்பது. இறங்கும் வேகத்தில் கியர் மாறும்போது முதுகில் தட்டு விழுந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். 213-இன் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) 212-ஐவிட 65 மில்லிமீட்டர் கூடுதல், பின்சீட்டில் அம்மா முழங்காலைத் திருப்பி இறங்கும்போது அந்த வித்தியாசம் தெரிகிறது. எனக்கு 213-ஐப் பிடிக்க முதல் காரணமே அதுதான். நம் புளோக் கார் நிறுத்துமிடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்: கட்டம் வழக்கமாக 4.8 மீட்டர், 213 4.92 மீட்டர், மூக்கு வெளியே நிற்கும். 212-உம் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும்.

திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். 2020-க்கு முந்தைய 213-இல் அகலத் திரை அழகாக இருந்தாலும் அது தொடுதிரை இல்லை, சக்கரத்தைத் திருகித்தான் வேலை செய்ய வேண்டும். தொட்டால் வேலை செய்யும் எம்பக்ஸ் (மெர்சிடிஸின் திரை மென்பொருள்) இதில் வந்தது 2020-இல். பிஐ வண்டி, அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல் வேறு டீலர் இறக்குமதி செய்தது, என்றால் இன்னும் கவனம், அதே பெயரில் வந்தாலும் வசதிகள் கூடக்குறைய இருக்கும், ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

என்னிடம் கேட்டால், பத்து வருஷத்துக்கு ஒரே வண்டி என்று இருப்பவர் 1,991 சிசி எஞ்சின் உள்ள 212 ஃபேஸ்லிஃப்டை, சர்வீஸ் பில் முழுக்க இருந்தால், தைரியமாக எடுக்கலாம். மூன்று நான்கு வருஷத்தில் மாற்றுபவருக்கு பார்ஃப் மிச்சம் உள்ள 213 சரி. 2013-க்கு முந்தைய எம்271 வண்டியை, செயின் மாற்றிய பில் கண்ணில் படாமல், எந்த விலைக்கும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

முடிவு செய்த பிறகும் முன்பணம் கொடுப்பதற்கு முன் விகாம் அல்லது எஸ்டிஏ மாதிரி வெளிச் சோதனை நிலையத்தில் வண்டியைச் சோதித்துவிடுங்கள், டீலரின் சொந்தப் பட்டறை வேண்டாம். ஒப்பந்தத்தில் "சோதனையில் பெரிய குறை வந்தால் முன்பணம் முழுதும் திரும்பும்" என்று எழுதி வாங்குங்கள். டீலரிடம் வாங்கினால் லெமன் லா (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) உங்களுக்குத் துணை இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் வரும் குறைக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்கேற்ற மாதிரி விலையைக் குறைத்துப் பேசுங்கள்.