சிபி ரேடியோ ஆன்டெனா: முதலில் எர்த், அப்புறம் ட்யூனிங்

வண்டியில் சிபி ரேடியோ (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் குறுந்தூரத்தில் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ) மாட்டியவர்களில் நிறைய பேர் முதல் நாளே ஒரு தப்பைச் செய்கிறார்கள். எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அனுப்பிய பவரில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டுவது, எண் 1-க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது) இணைத்து மைக் பட்டனை அழுத்துகிறார்கள், முள் 3-ஐத் தாண்டுகிறது, உடனே கட்டிங் பிளேயரை எடுத்து ஆன்டெனாக் கம்பியை வெட்ட ஆரம்பித்து விடுகிறார்கள். கொஞ்சம் வெட்டுவது, திரும்பப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் வெட்டுவது. தயவுசெய்து வேண்டாம். எல்லாச் சானலிலும் ஒரே மாதிரி முள் ஏறி நிற்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறு கம்பியின் நீளத்தில் இல்லை. எர்த்தில், அதாவது ஆன்டெனாவின் அடி வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பில் இருக்கும், அல்லது கேபிளில் இருக்கும். அதைச் சரி செய்யாமல் எவ்வளவு வெட்டினாலும் முள் இறங்காது, வெட்டிய கம்பியும் திரும்ப வளராது.

ஏன் எர்த் இவ்வளவு முக்கியம் என்று முதலில் பார்த்துவிடலாம். சிபி ரேடியோ இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 40 சானல் செட்டில் 26.965-லிருந்து 27.405 வரை. அந்த அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். வண்டியில் நிற்கும் கம்பி அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 2.75 மீட்டர் இருக்க வேண்டும், அல்லது காயில் சுற்றி அந்த அளவுக்கு ஈடுகட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பி ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி வண்டியின் இரும்பு பாடி. இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பது இங்கே அப்படியே பொருந்தும்: பாடியோடு தொடர்பு இல்லாத கம்பி ஒற்றைக் கை. ரேடியோ அனுப்பும் 4 வாட்டும் போக வழியில்லாமல், கேபிளின் வெளி உறையையே மறுபாதியாக்கிக்கொண்டு வண்டிக்குள் அலையும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ரேடியோவின் கறுப்பு ஒயரை பேட்டரி நெகட்டிவில் கொடுத்தாயிற்றே, அப்புறம் என்ன எர்த் என்று கேட்பார்கள். அது மின்சாரம் திரும்பிப் போகும் வழி மட்டும். ஆன்டெனாவுக்கு வேண்டியது அதன் அடியிலேயே, மவுண்ட் (கம்பியைப் பிடித்து நிறுத்தும் அடிப்பகுதி) உட்காரும் இடத்திலேயே பாடியோடு தொடர்பு. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதா ஒயரை மல்டிமீட்டரில் பார்த்தால் 0 ஓம் காட்டும், அதே ஒயர் 27 மெகாஹெர்ட்ஸில் நூறு ஓமுக்கு மேல் தடையாக நிற்கும். அதனால் நீளமான மெல்லிய ஒயரில் எர்த் கொடுத்துவிட்டு மீட்டர் சரி காட்டுகிறதே என்று நம்பக் கூடாது. தட்டையான பின்னல் செம்புப் பட்டை வேண்டும், அதுவும் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக.

என் ஜீப்பில் பின் பம்பரில் மவுண்ட் போட்டபோது 1, 20, 40 சானல் மூன்றிலும் முள் 3-க்கு மேலேயே நின்றது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் இரும்பே எங்கும் தெரியவில்லை, வாஷருக்கு அடியிலும் துளையின் ஓரத்திலும் பம்பரின் பவுடர் கோட்டிங் கறுப்பாகப் பளபளவென்று முழுசாக இருந்தது. இறுக்கியது இரும்பை இல்லை, பெயிண்டை. உப்புத்தாளால் வாஷர் அளவுக்கு வட்டமாகத் தேய்த்து, வெள்ளி நிறம் வந்த பிறகு பல் வைத்த ஸ்டார் வாஷரைப் போட்டு இறுக்கினேன். பம்பரிலிருந்து சேசிஸுக்கு ஒரு சாண் பின்னல் பட்டை ஒன்றும் கொடுத்தேன், அதன் இரண்டு முனையிலும் இதே போல் தேய்த்தேன். கம்பியைத் தொடவே இல்லை, 20-ல் 1.6-க்கு இறங்கிவிட்டது.

தேய்த்த இடத்தை அப்படியே விட்டால் முதல் மழைக்கே துரு பிடிக்கும். இறுக்கி முடித்த பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், அல்லது பெயிண்ட் அடித்து மூடுங்கள். கதவு, பானட், பின் கதவு ஆகியவற்றில் மவுண்ட் போட்டிருந்தால் கீலை நம்ப வேண்டாம். கீலில் கிரீஸும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இருக்கும், சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. அங்கிருந்து பாடிக்குத் தனியாக ஒரு பட்டை கட்டாயம்.

இப்போது மல்டிமீட்டர். கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றிவிட்டு மூன்று இடம் பாருங்கள். பிளக்கின் நடு ஊசிக்கும் ஆன்டெனாக் கம்பிக்கும் நடுவே கிட்டத்தட்ட 0 வர வேண்டும். பிளக்கின் வெளி உறைக்கும் சேசிஸில் தேய்த்த ஓர் இடத்துக்கும் அரை ஓமுக்குள் வர வேண்டும், மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் எண்ணை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதில் ஒரு விலக்கு உண்டு. சில ஆன்டெனாக்களில் அடிக் காயிலின் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்தே செய்திருப்பார்கள், அதில் ஷார்ட் காட்டுவதுதான் சரி. எந்த வகை என்று கூட வந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி இல்லாத ஆன்டெனாவில் ஷார்ட் காட்டினால் நேராக மவுண்டின் நைலான் வாஷரைப் பாருங்கள். பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியிலும் பிராக்கெட்டிலும் மாட்டும் வகையில், கம்பி உட்காரும் ஸ்டட்டை பிராக்கெட்டிலிருந்து பிரித்து வைப்பது அந்தச் சின்ன வெள்ளை வாஷர் மட்டுமே. அதன் ஒரு பக்கத்தில் தோள் போல ஒரு விளிம்பு இருக்கும், அந்த விளிம்பு துளைக்குள் இறங்கி உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டாலோ, அதிகம் இறுக்கி நசுக்கினாலோ ஸ்டட் துளையின் ஓரத்தில் முட்டி நேரடி ஷார்ட் ஆகிவிடும். இந்த நிலையில் மைக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் ரேடியோவின் பவர் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

காந்த மவுண்டில் போல்ட் இல்லை, எர்த் எப்படி? அடித்தட்டும் கூரைத் தகடும் நடுவில் பெயிண்டை வைத்துக்கொண்டு ஒரு கெபாசிட்டர் போல வேலை செய்கின்றன, அதனால் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். தட்டை துடைத்துச் சமமான இடத்தில் வையுங்கள், முடிந்தால் கூரை நடுவில். ஃபைபர் பாடி வண்டியில் மறுபாதியே கிடையாது என்பதால் எர்த் தேவைப்படாத வகை ஆன்டெனாதான் வாங்க வேண்டும், அதோடு வரும் கேபிளை வெட்டவோ மாற்றவோ கூடாது.

சரி, இனி ட்யூனிங். வண்டியை வெட்டவெளிக்குக் கொண்டு போங்கள். சுவர், மரம், வேறு வண்டி எதுவும் பத்து மீட்டருக்குள் இல்லாமல் இருந்தால் நல்லது, ஷெட்டுக்குள் எடுத்த கணக்கு ரோட்டில் உதவாது. கதவுகளையும் பானட்டையும் மூடி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்தே அளவெடுங்கள். மீட்டர் ரேடியோவுக்கும் ஆன்டெனாக் கேபிளுக்கும் நடுவில் வரும், ரேடியோ பக்கம் ஒரு குட்டைக் கேபிள் போதும். ரேடியோ ஏஎம் முறையில் இருக்க வேண்டும், ஏனென்றால் எஸ்எஸ்பி-யில் (குரல் வரும்போது மட்டும் அலையை அனுப்பும் இன்னொரு முறை) பேசாமல் அழுத்தினால் ஒன்றும் வெளியே போகாது, முள்ளும் அசையாது.

சானல் 1-ஐ வையுங்கள், யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். மீட்டர் ஸ்விட்சை எஃப்டபிள்யூடி (வெளியே போகும் பவர்) பக்கம் வைத்து மைக்கை அழுத்தி, முள் செட் கோட்டில் வந்து நிற்கும் வரை குமிழைத் திருப்புங்கள், அப்புறம் ஆர்இஎஃப் (திரும்பி வரும் பவர்) பக்கம் தள்ளி எண்ணைப் படியுங்கள். இதையே 20-லும் 40-லும் செய்யுங்கள், ஒவ்வொரு சானலுக்கும் முள்ளைப் புதிதாகச் செட் செய்ய வேண்டும், இதைத்தான் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று எண்ணையும் தாளில் எழுதுங்கள்.

1-ல் அதிகமாகவும் 40-ல் குறைவாகவும் இருந்தால் கம்பி குட்டை. 40-ல் அதிகமாகவும் 1-ல் குறைவாகவும் இருந்தால் கம்பி நெட்டை. இரண்டு ஓரமும் சமமாக, நடுவில் குறைவாக வந்தால் நீளம் சரி.

நெட்டை என்றால் முதலில் உச்சியில் திருகு இருந்தால் அதை உள்ளே இறக்குங்கள், ஆலன் கீ போட்டுக் கம்பியை உள்ளே தள்ளும் வகையாக இருந்தால் அப்படித் தள்ளுங்கள். வேறு வழியே இல்லாதபோதுதான் வெட்டு, அதுவும் ஒரு முறைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மூன்று சானலையும் மறுபடி அளங்கள், உச்சி மூடி இருந்தால் அதைப் போட்டபடியே அளங்கள். மைக்கை அழுத்தியிருக்கும்போது கம்பியை யாரும் தொடக் கூடாது, உச்சியில் வோல்டேஜ் அதிகம், கை சுடும்.

எங்கே நிறுத்துவது? முள் 3-ல் நின்றால் நான்கில் ஒரு பங்கு பவர் திரும்பி வருகிறது. 2-ல் 11 சதவீதம், 1.5-ல் வெறும் 4 சதவீதம். அதனால் மூன்று சானலிலும் 2-க்குள், நடுவில் 1.5-க்குள் வந்துவிட்டால் போதும், 1.3-ஐ 1.1 ஆக்க ஒரு மாலையைச் செலவழிப்பதால் எதிரில் கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மாறாக, குட்டையான ஆன்டெனா ஒன்று 1 முதல் 40 வரை அசையாமல் 1.1 காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தண்ணீர் புகுந்த கேபிளும் துருவேறிய இணைப்பும் பவரைச் சூடாக்கித் தின்றுகொண்டே மீட்டரில் அழகான எண்ணைக் காட்டும்.

கேபிள் 18 அடி இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. ஒற்றை ஆன்டெனாவுக்கு அது அவசியம் இல்லை. நல்ல 50 ஓம் கேபிள் எந்த நீளத்தில் இருந்தாலும் எஸ்டபிள்யூஆர் பெரிதாக மாறக் கூடாது. மாறுகிறது என்றால், அல்லது ஒருவர் மைக்கை அழுத்தியிருக்கும்போது இன்னொருவர் கேபிளைப் பிடித்தால் முள் ஆடுகிறது என்றால், கேபிளின் வெளி உறையில் மின்னோட்டம் ஓடுகிறது. அது எர்த் இன்னும் சரியில்லை என்பதற்கான அடையாளம். மவுண்டுக்குத் திரும்பிப் போங்கள். அதன் பிறகும் ஆடினால் ஆன்டெனா முனைக்குப் பக்கத்தில் கேபிளில் ஃபெரைட் வளையங்கள் (வெளி உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையங்கள்) சிலவற்றைக் கவ்வவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் வெளியே இருக்கும் இணைப்பைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள், தண்ணீர் கேபிளுக்குள் இறங்கினால் பின்னல் உறை கறுத்துப் போகும், அப்புறம் கேபிளையே மாற்ற வேண்டியதுதான். கடைசியாக எடுத்த மூன்று எண்ணையும் தேதியோடு எழுதி டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு வையுங்கள். கூரையில் லக்கேஜ் கேரியர் மாட்டினாலோ, பம்பரைக் கழற்றி மாட்டினாலோ, ஒரு மழைக்காலம் முடிந்தாலோ திரும்ப அளந்து அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் கம்பியைத் தொடாதீர்கள், முதலில் அந்தப் போல்ட்டைக் கழற்றுங்கள்.