இரண்டு கிரவுண்டில் ஒரு பழைய சின்ன வீடு: வாங்கும் முன் மதிப்பிடுவது எப்படி?

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் இப்படிப்பட்ட சொத்துகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. ஒன்றரை, இரண்டு கிரவுண்ட் மனை (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி), அதில் 700, 800 சதுர அடியில் அறுபதுகளில் கட்டிய வீடு, பின்னால் கிணறு, ஒரு மாமரம். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம் என்று எங்கள் குடும்பத்துக்காகப் பல வீடுகளைப் பார்த்துவிட்டு அப்படி ஒன்றை வாங்கினோம். முதன்முதலாக இறங்குபவர்களுக்கு உதவும் என்று அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

"கிரவுண்ட் என்ன ரேட் போகுது?" என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலோர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஒரே தெருவில், ஒரே பரப்பளவில் இருக்கும் இரண்டு மனைகள்கூட ஒரே விலை பெறாது. முகப்பு அகலம், தெரு அகலம், வீடு மனையில் எங்கே நிற்கிறது என்ற மூன்றும்தான் மதிப்பைத் தீர்மானிக்கின்றன.



படி 1: நேரில் போகும் முன்

தரகரிடம் சர்வே எண்ணையும் மூல பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். டோக்கன் போட்டால்தான் காட்டுவோம் என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கொடுத்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் பகுதி கிடைக்கும். அதில் இருக்கும் பரப்பளவைச் சதுர மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள், படி 3-இல் வேண்டும். பதிவுத்துறைத் தளத்தில் அந்தத் தெருவுக்கு அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் பார்த்துவிடுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் "நிலமும் சேர்த்தா, கட்டடம் மட்டுமா?" என்று முதலிலேயே கேட்க வேண்டும். கோயில் நிலத்தில் மேல்கட்டுமானம் மட்டும் விற்பனைக்கு வருவது அங்கே சகஜம். பெரிய மனை என்பதால் 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் சிக்கியதா என்றும் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் 1999-இல் ரத்தானாலும், அதற்கு முன் அரசு எடுத்துக்கொண்ட நிலங்களின் விவகாரம் தானாகத் தீர்ந்துவிடவில்லை.

படி 2: தெருவை அளப்பது

வீட்டுக்குள் நுழையும் முன் தெரு அகலத்தை அளந்துவிடுங்கள். எதிரெதிர் காம்பவுண்டுகளுக்கு நடுவே, வடிகாலையும் சேர்த்து, இரண்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். குறுகலான இடத்தில் வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி உயரமாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது 4,800 சதுர அடி மனையில் 9,600 சதுர அடி வரை கட்டலாம். கட்டணம் செலுத்தி அதற்கு மேல் வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குத் தெரு குறைந்தது 9 மீட்டர் இருக்க வேண்டும். ஆகவே 40 அடி ரோட்டில் ஒரு பில்டர் கொடுத்த கிரவுண்ட் விலையை 20 அடிச் சந்தில் இருப்பவர் சொன்னால், அதை அப்படியே ஏற்க வேண்டாம்.

படி 3: மனையை அளப்பது

நான் அதிக நாள் நின்றது இந்த இடத்தில்தான். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 120 அடி, ஆக 4,800 சதுர அடி என்று எழுதியிருக்கும். சதுர மீட்டரில் அது ஏறக்குறைய 446. நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்தால் 431 என்று இருக்கும். மனையில் டேப் பிடித்தால் மூன்றாவதாக ஓர் எண் வரும். பத்திரம், பதிவேடு, தரை ஆகிய மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் பிளான் அனுமதிக்குக் கணக்குப் போடுவார்கள். நீங்களும் அதற்குத்தான் பணம் கொடுக்க வேண்டும். 15 சதுர மீட்டர் என்பது 160 சதுர அடி. கிரவுண்ட் 2 கோடி என்று வைத்துக்கொண்டால் அது மட்டும் 13 லட்சத்தைத் தாண்டும்.

லேசர் மீட்டர் வீட்டுக்குள் அருமையான கருவி. வெளியே சென்னை வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. மனைக்கு 30 மீட்டர் ஃபைபர் டேப்தான் என் தேர்வு. துணி டேப் வேண்டவே வேண்டாம், இழுத்தால் நீளும்.

நான்கு பக்கம் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை ஒரு குறுக்களவும் எடுங்கள். அப்போதுதான் மனையை இரண்டு முக்கோணமாகப் பிரித்துச் சரியான பரப்பைக் கண்டுபிடிக்க முடியும். முன்னால் 40 அடி இருக்கும் மனை பின்னால் 37½ அடியாகச் சுருங்கியிருப்பது பழைய பகுதிகளில் சாதாரணம். அப்புறம் காம்பவுண்ட் சுவர் யாருடையது என்று பாருங்கள். 9 அங்குலச் சுவர் 120 அடி ஓடினால் 90 சதுர அடி போய்விடுகிறது. பக்கத்து வீட்டுச் சன்ஷேடு நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அவர்கள் கொல்லைக் கதவு இந்த மனைக்குள் திறக்கிறதா என்றும் கவனியுங்கள். இருபது வருடம் தடையில்லாமல் நடந்த பாதைக்கு வழியுரிமை கோர 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் இடம் கொடுக்கிறது.

அட்வான்ஸுக்கு முன் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

படி 4: மனையின் வடிவம்

40×120, 80×60 இரண்டும் 2 கிரவுண்ட்தான். முன்னால் 10, மற்ற மூன்று பக்கமும் 5 அடி விடுவதாக வைத்துக்கொண்டால் கட்டும் இடம் இரண்டிலும் 3,150 சதுர அடிதான் வரும். காகிதத்தில் சமம். ஆனால் 80 அடி முகப்பை நாளைக்கு அண்ணன் தம்பி பிரித்தால் ஆளுக்கு 40×60, இருவருக்கும் தெரு முகப்பு. 40 அடி முகப்பைக் குறுக்கே வெட்டினால் பின்பாதிக்காரருக்குப் பாதை விட வேண்டும். 10 அடிப் பாதைக்கே 60 அடி ஆழத்தில் 600 சதுர அடி போய்விடும்.

இருக்கும் வீடு ஓர் ஓரமாக நின்றால் அதை வைத்துக்கொண்டே மீதி இடத்தில் கட்டலாம், கட்டும்வரை அதிலேயே குடியிருக்கலாம். மனையின் நட்டநடுவில் நின்றால் வீடு நன்றாக இருந்தாலும் இடிக்கத்தான் வேண்டியிருக்கும்.

படி 5: வீடு

இடிப்பது என்று முடிவு செய்துவிட்டால் இந்தப் படி பத்து நிமிட வேலை. கதவு, ஜன்னல், கட்டைகள் தேக்கா என்று மட்டும் பாருங்கள். நல்ல தேக்கு இருந்தால் இடிக்கும் கான்ட்ராக்டரே நமக்குப் பணம் கொடுப்பார். இல்லாவிட்டால் நாம் கொடுக்க வேண்டும்.

வைத்துக்கொள்வதானால் கூரைதான் முக்கியம். பல வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். மரக் கட்டைகள் மேல் சிறு செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, மேலே தட்டோடு பதித்த கூரை. கட்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கரையானும் வேலை செய்யும். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முனையிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. மாடியில் பிற்பாடு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் அதற்கு நேர் கீழே உள்ள கட்டைகளைக் கட்டாயம் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கும். தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். அப்படிப்பட்ட சுவரைப் புது பெயின்ட்டை வைத்து எடை போட வேண்டாம்.

படி 6: தண்ணீர்

முடிந்தால் பெரிய மழைக்கு மறுநாள் போங்கள். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்ததால் பழைய வீடுகளின் தரை இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. தரை மட்டத்துக்கும் ரோட்டின் நடுவுக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இ.பி. மீட்டர் பெட்டியையும் பாருங்கள். பழைய ஆணித் துளைகளைக் கீழே விட்டுவிட்டுப் பெட்டி மட்டும் இரண்டடி மேலே ஏறியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

படி 7: விலை

அளந்த பரப்பை இந்த மனைக்குரிய சதுர அடி விலையால் பெருக்கி, இடிப்பு அல்லது பழுதுச் செலவையும் தரையை உயர்த்தும் செலவையும் கழியுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 4 கோடிக்கு 36 லட்சம். இதைக் கையில் தனியாக வைத்துக்கொண்டு பேரத்துக்கு உட்காருங்கள். ஒப்பந்தத்தில் மொத்த விலை எழுதாமல் "சர்வேயர் அளக்கும் சதுர அடிக்கு இவ்வளவு" என்று எழுதச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் பரப்பில் அவருக்கே சந்தேகம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பின்சேர்க்கை: வில்லங்கச் சான்றில் (சொத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) ஒரு பதிவும் வரவில்லையே, சொத்து சுத்தம்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் நகர சர்வே எண்ணை மட்டும் கொடுத்துத் தேடியிருக்கிறார். பழைய பத்திரங்கள் பழைய கிராம சர்வே எண்ணில் பதிவாகியிருக்கும். சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் மாறியிருக்கும். இரண்டு எண்களிலும், முன்பு அந்தத் தெரு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அதிலும் தேட வேண்டும். இணையத்தில் இல்லாத பழைய வருடங்களுக்கு நேரில் மனுப் போடுங்கள்.

இன்னொருவர் வாரிசுகள் பற்றிக் கேட்டார். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகள்களும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "தங்கச்சி அமெரிக்காவில் இருக்கா, அவ ஒண்ணும் சொல்லமாட்டா" என்று சொன்னால், அவருடைய பவர் பத்திரம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.