நெறி கட்டினால் புண்ணைத் தேடுங்கள்: நிணநீர்த் தொகுதி குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலத்தில் கொழுந்து மலைக்குப் போய் வருபவர்கள் அட்டைக்கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும், இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்வதும் மலையகத்தில் யாருக்கும் புதிய செய்தியல்ல. அப்போது கணுக்காலில் இருக்கும் புண்ணை விட்டுவிட்டு, நெறியை அழுத்தித் தேய்ப்பதும் அதன்மேல் சுண்ணாம்பு தடவுவதும்தான் முதல் தவறு. நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு; அதாவது, இழையங்களிலிருந்து வடியும் நிணநீர் என்னும் நீரை வடிகட்டும் சிறு முடிச்சு. உடலில் இத்தகைய கணுக்கள் பல நூறு உள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, நெஞ்சறை, வயிறு ஆகிய இடங்களில் அவை கூட்டங்கூட்டமாக அமைந்திருக்கின்றன. அவற்றினூடாகச் செல்லும் நிணநீரில் பற்றீரியாக்கள் கலந்து வரும்போது, அங்குள்ள நிணநீர்க்குழியங்கள் பெருகி அவற்றை எதிர்ப்பதால் கணு வீங்குகிறது. ஆகவே தேட வேண்டியது கணுவுக்கு நிணநீர் வந்து சேரும் பகுதியை. தொடையிடுக்கில் நெறி கட்டினால் காலையும் விரலிடுக்குகளையும், அக்குளில் கட்டினால் கவ்வாத்துக் கத்தி பட்ட கையையும், பிள்ளையின் பிடரியில் சிறு கட்டிகள் தென்பட்டால் பேன் சொறிந்த தலையையும் பார்க்க வேண்டும். புண்ணைச் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி உலர வைப்பது நெறிக்குச் செய்யும் எந்தப் பூச்சையும்விடப் பயன்தரும். புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவந்த கோடு ஏறினாலோ குளிர்காய்ச்சல் கண்டாலோ, நிணநீர்க் குழாயே அழற்சியடைந்திருக்கிறது என்று கொண்டு அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இத்தவறுக்கு அடிப்படை, நிணநீரை இரண்டாவது குருதிச் சுற்றோட்டமாகக் கருதுவதுதான். மாணவர்கள் வரையும் படங்களிலும் அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றி வருவதைக் காணலாம். உண்மையில் நிணநீர் சுற்றுவதில்லை. அது ஒருவழிப் பாதை. குருதி மயிர்த்துளைக்குழாய்களிலிருந்து இழையங்களுக்குள் கசியும் பாய்பொருளில் ஒரு பகுதி, நாளொன்றுக்குச் சில லீற்றர் அளவில், கசிந்த புரதங்களுடன் முனை மூடிய நுண்ணிய நிணநீர்க் குழாய்களுக்குள் புகுகிறது. அங்கிருந்து கணுக்களைக் கடந்து, கழுத்தின் அடியில், காறை எலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய நாளங்களில் அது கலக்கிறது. இரு கால்கள், வயிறு, உடலின் இடப்பாதி ஆகியவற்றின் நிணநீர் நெஞ்சறைக்கான் என்னும் பெரிய நிணநீர்க் குழாய் வழியாக இடப்புறத்திலும், தலை, கழுத்து, நெஞ்சு ஆகியவற்றின் வலப்பாதியினதும் வலக்கையினதும் நிணநீர் வலப்புறத்திலும் சேர்கின்றன. குருதிக்கு இதயம் இருப்பதுபோல் இதற்கு ஒன்றில்லை. குழாய்ச் சுவரின் சுருக்கம், நடக்கும்போது தசைகள் தரும் அழுத்தம், சுவாசத்தின் ஏற்றவிறக்கம் ஆகியவையே அதை நகர்த்துகின்றன; வால்வுகள் பின்வாங்க விடுவதில்லை.

மண்ணீரல் நிணநீரை வடிகட்டுகிறது என்று எழுதுவதும் பிழை. அது வடிகட்டுவது குருதியை. சிறுகுடலில் நிணநீர்க் குழாய்கள் கொழுப்பை உறிஞ்சும் வேலையையோ பலர் மறந்தே விடுகின்றனர். 1622இல் இத்தாலிய வைத்தியர் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் குடலருகே கொழுப்பேந்திய பால்நிற நிணநீர்க் குழாய்களைக் கண்டு, அவை ஈரலுக்குச் செல்வதாக நினைத்தார். அவை நெஞ்சறைக்கானுக்குச் செல்வதை 1651இல் பிரெஞ்சுக்காரரான ஜோன் பெக்கே வெளியிட்டார். கண்டறிந்தவரே திசையில் தவறியிருக்கும்போது மாணவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

கால் வீங்கியவுடன், புழுக்கள் நிணநீர்க் குழாய்களைப் பழுதாக்குவதால் வரும் யானைக்கால் என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. கியூலெக்ஸ் நுளம்பினால் பரவும் அந்நோய் இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களுக்குரியதாகவே இருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. மலைநாட்டிலேயே வாழ்ந்தவருக்கு இரு கால்களும் ஒருசேர வீங்கினால், இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றையே முதலில் சோதிக்க வேண்டும். மாறாக, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டவருக்கு அந்தக் கை வீங்கினால் அது நிணநீர்த் தேக்கமாக இருக்கக்கூடும். அதற்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்குவது பெரிதும் பயனற்றது, ஏனெனில் தேங்கியிருப்பதில் நீரோடு புரதமும் உண்டு. அவயவத்தை அசையாமல் வைத்திருப்பதும், சாதாரணத் துணியால் தாமே இறுகக் கட்டுவதும் கேடு. அழுத்தக்கட்டு பயிற்சி பெற்றவர் அளந்து போடவேண்டியது. நாள் முழுவதும் ஈரச் சப்பாத்துக்குள் இருக்கும் கால்விரலிடுக்குகளில் வெடிப்பு வந்தால், நிணநீர் தேங்கிய காலுக்குள் கிருமி நுழைய அதுவே வாசல். உப்பு மூட்டை ஒத்தடம் கொடுப்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதேயில்லை.

“வலிக்கவில்லையே” என்று கட்டியை விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பேன். தொற்றால் வலியுடன் வீங்கும் கணு பெரும்பாலும் சில வாரங்களில் சுருங்கிவிடும். வலியின்றிக் கல்போல இறுகி, நான்கு வாரங்களுக்கு மேலும் குறையாமல் இருக்கும் கணுவையும், இரவு வியர்வை, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றோடு கழுத்தில் திரளும் கணுக்களையும் காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் சோதிக்க வேண்டும். இடக் காறை எலும்பின் மேற்குழியில் தோன்றும் கட்டிக்கு நான்கு வாரம் காத்திருக்கவும் கூடாது. நெஞ்சறைக்கான் அங்கே முடிவதால், வயிற்றில் மறைந்துள்ள புற்றுநோய் முதன்முதலில் அவ்விடத்திலேயே வெளிப்படக்கூடும்.