டீசோல்டரிங் விக் வாங்காமலே ஈயம் உறிஞ்ச

சர்க்யூட் போர்டுல இருந்து பார்ட்ஸ் கழட்ட, பத்தவச்ச ஈயத்த உறிஞ்சி எடுக்கற டீசோல்டரிங் விக் தனியா வாங்க வேணாம், வீணாப்போன மிக்ஸி வயர வெட்டி உள்ள இருக்கற மெல்லிசான காப்பர் இழைகள லேசா முறுக்கி, ஃப்ளக்ஸ்ல (ஈயம் பத்தவைக்கறப்போ தடவற பசை) தொட்டு, ஜாயிண்ட் மேல வச்சு சூடான சோல்டரிங் அயர்ன் முனையால அழுத்துங்க, உருகின ஈயம் அப்படியே இழைக்குள்ள ஏறிடும். கடையில வாங்கற விக் கூட காப்பர் பின்னல்தான், இழைகளுக்கு நடுவுல இருக்கற சின்ன இடைவெளிதான் ஈயத்த இழுக்குது, ஃப்ளக்ஸ் காப்பர் மேல படிஞ்ச ஆக்ஸைட எடுத்துடும். நம்ம செங்கோட்டை பக்கம் சாரல் சீசன்ல ஈரத்துக்கு வயர் நுனி கறுத்துக் கெடக்கும், அத வெட்டிட்டு பளபளன்னு இருக்கற உள்பகுதிய எடுங்க, இது ரொம்ப முக்கியம். இயர்போன் வயர் ஆகாது, இழை மேல வார்னிஷ் பூச்சு இருக்கும். அலுமினிய வயரும் வேணாம். பொடிப்பொடியான எஸ்எம்டி பேடுகளுக்கு (சின்ன பார்ட்ஸ நேரா போர்டு மேல பத்தவைக்கற காப்பர் திட்டுகள்) மட்டும் கடையில வாங்கற விக்கே நல்லது, ரொம்ப நேரம் சூடு காட்டினா பேடு பேர்ந்துடும்.