நாடு மாறி ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுவது எப்படி?

கீழக்கரை ஈர மணலில் குட்டிக்கரணம் போடும் பிள்ளையைப் பார்த்து, வெளிநாட்டு மாமா "இங்கே அனுப்பு, இந்த நாட்டுக்கு ஆடட்டும்" என்றால் உடனே பெட்டி கட்டாதீர்கள். முதலில் குடியுரிமை. நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது, அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும்.

அப்புறம், இந்தியாவுக்காக ஏற்கெனவே சர்வதேசப் போட்டியில் இறங்கியிருந்தால், கடைசியாக ஆடிய நாளிலிருந்து 3 வருடம் கழித்துத்தான் ஒலிம்பிக்கில் புது நாட்டுக்கு ஆடலாம். இரு நாட்டு ஒலிம்பிக் சங்கங்களும் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனமும் ஒத்துக்கொண்டால் இது குறையலாம், ஆனால் வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். ஆடியதே இல்லையா, தலைவலி மிச்சம்.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு: மகனின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக உஸ்பெகிஸ்தானிலிருந்து ஜெர்மனி போன ஒக்சானா சுசோவிடினா, 2008 பெய்ஜிங்கில் ஜெர்மனிக்காக வால்ட்டில் (ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாவும் பிரிவு) வெள்ளி வாங்கியபோது வயது 33.

மணல் காலை உள்ளே வாங்கும், போட்டியில் இருக்கும் ஸ்பிரிங் தளம் திருப்பி உதைக்கும். அந்தத் தளத்தில் பழக்கிவிட்டு அனுப்புங்கள்.