வெயிலில் உப்பிய பலகை

கோவளம் அலைகளில் சறுக்க, தெர்மாகோல் கருவின் மேல் பால்சா என்ற லேசான மரத்தின் 3 மி.மீ. தகட்டைத் தோலாக ஒட்டி 6 அடி சர்ஃப் பலகை செய்தேன். மேலே பூசும் பிசின்களில் பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் எபாக்ஸி ரெசின்தான் பூசினேன். மறந்தது காற்றுத் துளை. ஒரு மே மதியம் மணலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மரம் உப்பியிருந்தது. விரலால் தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம். உள்ளே சூடான காற்று விரிந்து தோலைக் கிளப்பிவிட்டது. வயிறு எரிந்தது, இரண்டு மாத உழைப்பு!

நிழலில் ஆறவிட்டு, உப்பலின் இரு ஓரத்திலும் 2 மி.மீ. துளை போட்டேன். ஒன்றில் சிரிஞ்சால் எபாக்ஸி ஏற்ற, மற்றதில் அது எட்டிப்பார்த்தது. மேலே பாலித்தீன் தாள், அதன்மேல் மணல் மூட்டை, ஒரு நாள் முழுக்க. பிறகு காற்றுத் துளை ஒன்று போட்டு, அதை மூடித் திறக்க ஒரு திருகு பதித்தேன். கடலில் இறங்குமுன் இறுக்குவேன், கரையேறியதும் தளர்த்துவேன். இப்போது தட்டினால் கெட்டியான சத்தம்.