விரிசலை நாமே மூடிவிடுகிறோம்

மும்பையில் விமானம் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கருக்குப் புதிதாக வரும் பையன்கள் முதல் நாளே கேட்பது, "அண்ணே, லேண்டிங் கியர்ல விரிசல் பாக்க எப்படி இருக்கும்?" என்றுதான். லேண்டிங் கியர் என்றால் விமானத்தின் சக்கரக் கால். பார்ப்பது அப்புறம். பாகத்தைச் சுத்தம் செய்யும்போதே பலர் அதை மூடிவிடுகிறார்கள்.

பெயின்ட் போக வேண்டுமென்று கம்பி பிரஷால் தேய்ப்பார்கள், இல்லையென்றால் மணல் அடிப்பார்கள். இரண்டுமே உலோகத்தின் மேல்தோலை இழுத்து விரிசலின் வாயில் அப்பிவிடும். அப்புறம் எவ்வளவு பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கி யூவி விளக்கில் ஒளிரும் திரவம்) தடவினாலும் உள்ளே இறங்காது. பெயின்டை மேனுவல் சொன்ன ஸ்ட்ரிப்பரில்தான் (பெயின்டை உரிக்கும் ரசாயனம்) உரிக்க வேண்டும். 300எம் மாதிரி கடும் வலிமை எஃகில் கண்ட அமிலத்தையும் ஊற்றினால் ஹைட்ரஜன் புகுந்து இல்லாத விரிசலும் வந்துவிடும். ஜூலை மழையில் இன்னொரு தொல்லை: பாகம் சரியாகக் காயாது. விரிசலுக்குள் தண்ணீர் நின்றால் பெனட்ரன்டுக்கு ஏது இடம்?

தடவிய பின் பத்து நிமிடமாவது ஊற விடுங்கள். மேலே தங்கியதைக் கழுவும்போது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும்.

கட்டிங் சாய் குடிக்க வெயிலுக்குப் போன பையன் ஒருவன், இருட்டறைக்குள் நுழைந்த கையோடு யூவி விளக்கைத் தூக்கினான். "ஒண்ணுமில்லண்ணே, கிளீன்." உட்கார வைத்தேன். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது வேண்டும். மறுபடி பார்த்தபோது போல்ட் நுழையும் காதின் வளைவில் மயிரிழை போலப் பச்சைக் கோடு, நக நீளம். "துணி நாராண்ணே?" நாரும் இப்படித்தான் ஒளிரும். சால்வென்ட் நனைத்த பிரஷால் ஒரே இழுப்பு, மேலே டெவலப்பர், அதாவது உள்ளே இருக்கும் பெனட்ரன்டை வெளியே இழுக்கும் பூச்சு. கோடு அதே இடத்தில் ஊறி வந்தது. பாகம் சிவப்பு டேக்கோடு ஓரமாகப் போனது. (வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.)

பாகத்தைக் காந்தமாக்கி இரும்புத் துகள் தூவிப் பார்க்கும் காந்தச் சோதனையில் ஒரே திசையில் காந்தமேற்றி முடித்துவிடாதீர்கள். புலத்துக்கு இணையாக ஓடும் விரிசல் துகளைப் பிடிக்காது. காந்தம் ஏறாத டைட்டானியத்தில் இந்தச் சோதனையே ஆகாது.

2016 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் இறங்கிய எம்டி-10 சரக்கு விமானத்தின் இடது கியர் முறிந்து தீப்பிடித்தது. காற்று நிரப்பும் வால்வுத் துளையில், துருவைத் தடுக்கும் காட்மியம் பூச்சு இல்லாத இடத்தில் துருக்குழி விழுந்து, அதிலிருந்து ஃபட்டீக் விரிசல் (திரும்பத் திரும்பச் சுமை விழுந்து வருவது) கிளம்பியதாக விசாரணை சொன்னது. நம் ஊரில் கடற்காற்று வேறு. பூச்சு போன இடத்தைப் பார்த்தால், 'விரிசல் இல்லை' என்பதோடு நகராமல் அதையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.